ஓரம் விட்டு அளந்தேன்!

எங்கள் ஆபீஸில் ஒரு பையன் இருக்கிறான். வயது 31. நிஜப் பெயர் வேண்டாம், 'எக்ஸல்' என்று வைத்துக்கொள்வோம். எதைச் சொன்னாலும் உடனே கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு நம்பராக எழுதாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. டீக்குக் காசு பிரித்தால் அதற்கொரு ஷீட். வாடகைக்கு வீடு தேடியபோது 14 வீடுகளுக்கு 22 காலம் போட்டு மார்க் கொடுத்தான். கடைசியில் லிஸ்ட்டிலேயே இல்லாத பதினைந்தாவது வீட்டுக்குக் குடிபோனான் என்பது வேறு விஷயம்.

சில மாதங்களுக்கு முன் கண்ணாடி பவர் மாற்ற கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றான். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துவிட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், எழுத்து கலங்கும், பைக் ஓட்ட முடியாது. ஆகவே, திரும்பும்போது வண்டி ஓட்ட அடியேன்.

டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது பக்கம் பார், வலது பக்கம் பார், என் காதைப் பார் என்றார். அப்புறம் சட்டென்று, "உங்களுக்கு பி.பி. இருக்கா?" என்று கேட்டார்.

"அது எங்கப்பாவுக்கு, டாக்டர்."

"உங்களுக்கு?"

"நான் பார்த்ததே இல்லை. எனக்கு 31 வயசுதான் ஆகுது."

நர்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். 160-க்கு 104. அரைமணி கழித்து மறுபடி பார்த்தார்கள். 158-க்கு 102. டாக்டரம்மா கண்ணின் உள்புறத்தைப் போட்டோ எடுத்து ஒரு காப்பியும் கொடுத்து, "ரத்தக்குழாய் எல்லாம் லேசா ஒல்லியா இருக்கு. ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. தள்ளிப்போடாதீங்க" என்றார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் பயப்படுவான். எக்ஸலுக்கு வந்தது கோபம்.

"எவ்வளவு ஒல்லி, டாக்டர்?"

"லேசா."

"லேசான்னா எத்தனை? நம்பர் சொல்லுங்க."

"பார்த்தாத் தெரியும்" என்று சிரித்தார் டாக்டரம்மா. "இருபது வருஷமா பார்க்கறேன்."

வெளியே வந்ததும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சீறினான்: "பார்த்தாத் தெரியுமாம்! 'லேசா'வை நான் எந்தக் காலத்துல போடறது சார்? அந்த பி.பி.கூட ஆஸ்பத்திரி டென்ஷன்ல ஏறினதுதான். சரியா ஒரு அளவு சொல்லட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கறேன். அதுவரைக்கும் மாட்டேன்."

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. காரணம் உண்டு. 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நண்பனை 38 வயதில் பறிகொடுத்தவன் நான். ஆகவே இந்தப் பையனுக்கு நம்பர்தான் வேண்டுமென்றால் நம்பரிலேயே பேசிவிடுவது என்று தீர்மானித்து, புத்தகங்களைப் புரட்டினேன். அதன் விளைவுதான் இந்த வாரக் கட்டுரை.

* * *

முதலில், கண்ணுக்குள் ஏன் பார்க்கிறார்கள்? உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய ஜன்னல் அது. கண் பாப்பா வழியாக வெளிச்சத்தை விட்டால் பின்புறம் விழித்திரை, அதாவது ரெடினா தெரியும். கல்யாண ஆல்பத்தில் ஃப்ளாஷ் பட்டு மாப்பிள்ளை கண் சிவப்பாக முழிப்பாரே, அந்தச் சிவப்பு உள்ளேயிருந்து வருவதுதான். மற்ற நேரத்தில் அது தெரியாததற்குக் காரணம், எட்டிப் பார்க்கிற ஆசாமியின் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. இந்தச் சின்ன சிக்கலை, கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்து வைத்துத் தீர்த்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்கிற ஜெர்மானியர். 1850 கடைசியில் கருவியைச் செய்தார், 1851-ல் அதைப்பற்றி எழுதினார். செய்தபோது அவருக்கு வயது 29. எக்ஸலை விட இரண்டு வயது சின்னவர்.

அப்புறம் 1890-களில் லண்டனில் மார்கஸ் கன் என்ற கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். விழித்திரையில் சுத்த ரத்தம் கொண்டுவரும் தமனியும், திருப்பி எடுத்துப்போகும் சிரையும் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும். நம்மூர் மேம்பாலம் மாதிரி. ரத்த அழுத்தத்தில் தமனியின் சுவர் தடித்து இறுகிவிட்டால், அந்த இடத்தில் சிரையைப் போட்டு நசுக்குகிறது.

1939-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கீத், வேகனர், பார்க்கர் என்று மூன்று டாக்டர்கள், ரத்த அழுத்த நோயாளிகளைக் கண்ணை வைத்தே நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். குழாய்கள் லேசாகச் சுருங்கியிருந்தால் முதல் வகுப்பு. பார்வை நரம்பே வீங்கியிருந்தால் நான்காம் வகுப்பு. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் முதல் வகுப்பில் நூற்றுக்கு 70 பேர் உயிரோடு இருந்தார்கள். நான்காம் வகுப்பில் நூற்றுக்கு ஆறு பேர். அன்றைக்கு ரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மாத்திரை கிடையாது. இன்றைக்கு இருக்கிறது, சாப்பிட்டால்.

இதில் கடைசி வகுப்பை யாரும் தப்பவிட மாட்டார்கள். தகராறெல்லாம் முதல் வகுப்பில்தான். தமனியின் அகலமும் சிரையின் அகலமும் ஏறக்குறைய 2-க்கு 3 என்று இருக்கவேண்டும் என்பது மருத்துவக் கல்லூரிப் பாடம். தமனி அதை விட ஒல்லியானால் 'லேசான சுருக்கம்'. ஆனால் ஒரே படத்தை மூன்று டாக்டர்களிடம் காட்டினால் ஒருவர் 'லேசா' என்பார், ஒருவர் 'நார்மல்' என்பார், ஒருவர் 'டீ சாப்பிட்டுட்டு வந்து பார்க்கறேன்' என்பார். 'நம்பர் சொல்லுங்க' என்ற எக்ஸலின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே கோபம் விஞ்ஞானிகளுக்கும் வந்திருக்கிறது.

* * *

அளப்பதென்றால் எந்தக் குழாயை, எந்த இடத்தில்? மரத்தை அளப்பது மாதிரிதான். அடியில் தடிமன், நுனியில் ஒல்லி. எல்லோரும் ஒரே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிடலாம்.

கண்ணுக்குள் பார்வை நரம்பு நுழையும் இடம் வெளிர் மஞ்சளாக, நிலா மாதிரி வட்டமாகத் தெரியும். குறுக்களவு சுமார் 1.8 மில்லிமீட்டர். எல்லாப் பெரிய குழாய்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அந்த நிலாவின் விளிம்பிலிருந்து அரை நிலா தூரம் தள்ளி ஆரம்பித்து, ஒரு நிலா தூரம் வரைக்கும் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் ஓடும் குழாய்களை மட்டும் அளக்கவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சிக்கல்: சிலருக்குக் குழாய் வளையத்துக்கு முன்பே இரண்டாகப் பிரிந்துவிடும், சிலருக்குப் பிரியாது. இதற்கு 1974-ல் நியூஸிலாந்தில் பார், ஸ்பியர்ஸ் என்ற இருவர் வழி சொன்னார்கள். கிளைகளை அளந்து, கணக்குப் போட்டு, அடிமரம் எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும் என்று கண்டுபிடி. அதை 1999-லும் 2003-லும் அமெரிக்காவில் சீர்படுத்தினார்கள்.

இன்றைய கணக்கு சுலபம். ஆறு பெரிய தமனிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இருப்பதில் பெரியதையும் சின்னதையும் ஜோடி சேர்த்து, இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.88-ஆல் பெருக்க வேண்டும். 100 மைக்ரானில் இரண்டு கிளை இருந்தால் தாய்க்குழாய் 124 மைக்ரான். இப்படி ஜோடி ஜோடியாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஆறு மூன்றாகும், மூன்று இரண்டாகும், கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். சிரைக்கும் இதே கதைதான், 0.88-க்குப் பதில் 0.95. பிறகு தமனி எண்ணை சிரை எண்ணால் வகுத்தால் ஒரு விகிதம்.

(மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி 50 முதல் 100 மைக்ரான். நாம் பேசும் குழாய் தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.)

இதைப் படித்ததும் எக்ஸலின் முகம் பிரகாசமாகிவிட்டது. "வர்க்கமூலம் இருக்கா? முதல்லயே சொல்லக்கூடாதா? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க சார், அளந்துடலாம்."

* * *

போனேன். எக்ஸல் தன் கண்ணின் படத்தை டி.வி.யில் ஏற்றி, அந்த நிலா சரியாக 18 சென்டிமீட்டர் வரும்வரை பெரிதாக்கி வைத்திருந்தான். 1.8 மில்லிமீட்டர் 18 சென்டிமீட்டர் ஆனால் நூறு மடங்கு. டி.வி.யில் ஒரு மில்லிமீட்டர் என்றால் கண்ணில் பத்து மைக்ரான். கெட்டிக்காரன்தான்.

ஸ்கேலை வைத்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோடு போட்டாற்போல் தெரிந்த குழாய், கிட்டே போனால் ஓரமே இல்லாமல் கலங்கிக் கிடந்தது. கருஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று மெல்ல மெல்லக் கரைகிறது. இதில் குழாய் எங்கே முடிகிறது? ஆற்றின் கரை எது என்று கேட்பது மாதிரி. தண்ணீர் முடியும் இடமா, ஈரம் முடியும் இடமா, புல் ஆரம்பிக்கும் இடமா?

எக்ஸல் மூன்று தடவை அளந்தான். 11, 13, 12 மில்லிமீட்டர். நான் அளந்தேன். 12, 10, 13. "உங்களுக்கு முதல்ல கண்ணாடி மாத்தணும் சார்" என்றான்.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அவன் அம்மா, "என்னடா டி.வி.யை அளக்கறீங்க?" என்று கேட்டார். அந்தம்மா முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும் கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று தடவை, நடுவில் குழம்பைக் கிளறிவிட்டு வந்தும் அளந்தார். 14, 14, 14.

"எப்படிம்மா ஒரே மாதிரி வருது?"

"ஓரம் விட்டு அளந்தேன் தம்பி. எப்பவும் ஒரே அளவுதான் விடுவேன்."

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் வைத்து விழித்திரைக் குழாயை அளக்கிற துறை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

* * *

2008-ல் இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். 16 விழித்திரைப் படங்கள், 193 குழாய்த் துண்டுகள். 5,066 இடங்களில் குழாயின் இரண்டு ஓரத்தையும் மூன்று நிபுணர்கள் தனித்தனியாக உட்கார்ந்து குறித்தார்கள். பழகிய கைகள். ஆனாலும் மூன்று பேரும் ஒரே இடத்தில் குறிக்கவில்லை. சரி, உண்மை அளவு எது? மூன்று பேர் சொன்னதன் சராசரி! அதைத்தான் 'உண்மை' என்று வைத்துக்கொண்டு, புதிதாக வருகிற ஒவ்வொரு கம்ப்யூட்டர் முறைக்கும் மார்க் போடுகிறார்கள். உலகத்தில் பல உண்மைகள் இப்படித்தான் தயாராகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆபீஸ் அப்ரைஸல் உள்பட.

மார்க் போடுவதில்தான் அம்மாவின் டேப் வருகிறது. ஒரு முறை எப்போதும் உண்மையை விட ஒரு பிக்ஸல் கூடுதலாகவே சொல்கிறது என்றால் பிரச்னை இல்லை, ஒன்றைக் கழித்துவிடலாம். அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டாக ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பஸ் பிடிக்காதவரா நீங்கள்? ஆனால் ஒருநாள் அஞ்சு நிமிஷம் முன்னாலும், மறுநாள் எட்டு நிமிஷம் பின்னாலும் ஓடும் கடிகாரத்தைக் குப்பையில்தான் போடவேண்டும். நானும் எக்ஸலும் அந்த ரகம். அம்மா முதல் ரகம்.

கம்ப்யூட்டர் எப்படி அளக்கிறது? முதலில் கலர் படத்தில் பச்சையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் பச்சை வெளிச்சத்தை நன்றாக விழுங்கிவிடும். அதனால் குழாய் கறுப்பாகவும் சுற்றுப்புறம் வெளுப்பாகவும் பளிச்சென்று பிரியும். பிறகு குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். குழாய்க்குக் குறுக்கே வெளிச்சத்தை வரைபடமாகப் போட்டால் ஒரு பள்ளம் மாதிரி வரும். அதே பள்ளத்தின் வடிவில் ஓர் அச்சு செய்து, 15 டிகிரி 15 டிகிரியாகத் திருப்பிப் பன்னிரண்டு திசையில் படம் முழுக்கப் பொருத்திப் பார், பொருந்துகிற இடமெல்லாம் குழாய் என்று 1989-ல் ஒரு கட்டுரை சொன்னது. அதை எழுதிய குழுவில் முதல் பெயர் சுபாஸிஸ் சௌதுரி. பின்னாளில், 2019 முதல் 2024 வரை பம்பாய் ஐ.ஐ.டி.யின் டைரக்டராக இருந்தவர்.

குழாயைக் கண்டுபிடித்த பிறகு அகலம். பள்ளத்தின் பாதி ஆழத்தில் ஒரு கோடு போட்டு, அது இரண்டு கரையையும் தொடும் இடங்களுக்கு நடுவே அளப்பது ஒரு முறை. வெளிச்சம் மிக வேகமாக மாறுகிற இடம்தான் கரை என்று வைத்துக்கொள்வது இன்னொரு முறை. 2012-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த ஒரு முறை, வளைந்து வளைந்து போகிற குழாயைக் கம்ப்யூட்டரிலேயே நேராக நிமிர்த்திவிட்டு அப்புறம் இரண்டு ஓரத்தையும் தேடுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "பின்னே? துணியை நீவி விட்டுத்தானே அளக்கணும்" என்றார், குழம்பை இறக்கி வைத்தபடி.

* * *

கம்ப்யூட்டருக்கு இருக்கிற இம்சைகளையும் சொல்லிவிடுகிறேன். தமனியின் நடுமுதுகில் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைக்கோடு மின்னும். அதைப் பார்த்து ஏமாந்து, ஒரு குழாயை இரண்டு ஒல்லிக் குழாயாக எண்ணிவிடும். குறுக்கே போகும் இடத்தில் எது மேலே எது கீழே என்று குழம்பும். தவிர, குழாயின் சுவர் கண்ணாடி மாதிரி. அளக்கிறோமே, அது குழாயை இல்லை, உள்ளே ஓடும் ரத்தத்தை.

அந்த ரத்தமோ சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் குழாய் சில சதவீதம் விரிந்து சுருங்குகிறது. போட்டோ 'க்ளிக்' ஆன கணத்தில் விரிந்திருந்ததா, சுருங்கியிருந்ததா? தவிர, கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணைப் படமெடுத்தால் குழாய்கள் நிஜத்தை விட ஒல்லியாகத் தெரியும். இதைச் சமாளிக்கத்தான் தமனி-சிரை விகிதம் எடுத்தார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு ஏமாற்றினால் வகுக்கும்போது அடிபட்டுப் போகுமில்லையா?

அட, ஒரு பிக்ஸலுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். ஒரு படத்தில் அந்த நிலா 200 பிக்ஸல் அகலம் என்றால் ஒரு பிக்ஸல் ஒன்பது மைக்ரான். 120 மைக்ரான் தமனி வெறும் பதின்மூன்று பிக்ஸல். ஒரு பிக்ஸல் தப்பானால் ஏழெட்டு சதவீதம் போச்சு. ஸ்கூல் பிசிக்ஸில் பாய்ஸெய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து மார்க்கைக் குறைத்துவிட்டுப் போனாரே, அவர் விதிப்படி குழாயில் ஓடும் அளவு அதன் அகலத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். அகலம் பத்து சதவீதம் குறைந்தால், அதே அழுத்தத்தில் ஓடுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே பிக்ஸலைக் கேவலமாகப் பேசக்கூடாது.

* * *

சரி, இவ்வளவு பாடுபட்டு அளந்து என்ன தெரிந்தது? நிறைய. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஹாலந்து, சிங்கப்பூர் என்று பல ஊர்களில் ஆயிரக்கணக்கான பேருடைய கண்களைப் படமெடுத்து அளந்தார்கள், வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்த அழுத்தம் இன்னும் வராதவர்களிலும், தமனி ஒல்லியாக இருந்தவர்களுக்குப் பின்னால் அது வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. சிரை அகலமாக இருந்தவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சிரை அகலமாகிறது. பெட்டிக்கடை வாசலில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் அன்பர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

2018-ல் கூகிள் ஆட்கள் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். அகலத்தை அள என்று சொல்லிக்கொடுக்காமல், 2,84,335 பேருடைய விழித்திரைப் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி நீயே கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அது, படத்துக்குச் சொந்தக்காரர் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொன்னது. வயதைச் சராசரியாக மூன்றேகால் வருஷத் தவறுக்குள் சொன்னது. பி.பி.யின் மேல் எண்ணைச் சராசரியாக 11 பாயின்ட் தவறில் சொன்னது.

இங்கே நான் எதிர்பார்த்தது நடந்தது. எக்ஸல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பதினோரு பாயின்ட் தப்பா? கையில பட்டை கட்டிப் பார்த்தா இதை விடச் சரியா வருமே சார்?"

"வரும்."

"அப்போ எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்ணை அளக்கணும்?"

"அதைத்தான்ப்பா நான் ஒரு வாரமா சொல்ல வந்தேன்."

அதுதான் விஷயம். ஆயிரம் பேரை ஒரு பக்கம், ஆயிரம் பேரை இன்னொரு பக்கம் நிறுத்தினால், ரத்த அழுத்தக்காரர்களின் தமனி சராசரியாகச் சில மைக்ரான் ஒல்லி என்று கம்ப்யூட்டர் அடித்துச் சொல்லும். ஆனால் தெருவில் போகிற ஒரு தனி மனிதனை நிறுத்தினால், ஆளுக்கு ஆள் பிறவியிலேயே பத்து, இருபது மைக்ரான் வித்தியாசம் சகஜம். நம் தமனி ஒல்லியாக இருப்பது வியாதியாலா, வம்சவாகா என்று ஒரு போட்டோவிலிருந்து சொல்வது கஷ்டம். எக்ஸல் டி.வி.யில் வைத்துக்கொண்ட 1.8 மில்லிமீட்டரே பொதுச் சராசரிதான், அவன் கண்ணின் சொந்த அளவில்லை. அதனால்தான் டாக்டரம்மா நம்பர் சொல்லவில்லை. அவர் ஒல்லியை மட்டும் பார்க்கவில்லை. குழாய் நசுங்குகிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா, நரம்பு வீங்கியிருக்கிறதா என்று மொத்தமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி, 'உங்களுக்கு பி.பி. இருக்கா?' அந்தக் கேள்விக்கு நம்பரில் பதில் அன்றைக்கே வந்துவிட்டது. 160-க்கு 104. பையன் அதைக் காலத்தில் போடாமல், மைக்ரானுக்கு அலைந்தான்.

இந்த அளவெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. இன்றைய படத்தையும் ஐந்து வருஷம் கழித்து எடுக்கிற படத்தையும் ஒரே டேப்பால், ஒரே ஓரம் விட்டு அளந்தால், உங்கள் குழாய் உங்களுடைய பழைய குழாயை விட ஒல்லியாகியிருக்கிறதா என்று தெரியும். அதற்கு அம்மா மாதிரி கை நடுங்காத, குழம்பைக் கிளறிவிட்டு வந்தாலும் மாறாத ஒரு யந்திரம் வேண்டும். அதற்காகத்தான் இந்த ஒரு பிக்ஸல் சண்டை. அதுவரைக்கும், கையில் கட்டுகிற பட்டைக்கு ஜே.

* * *

எக்ஸல் மறுநாளே டாக்டரைப் பார்த்தான். அவர் ஒரே நாள் அளவை வைத்து முடிவு செய்யவில்லை. வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு வரச்சொன்னார். எழுதுவதா? பையன் சராசரி, உச்சம், தாழ்வு, சனி-ஞாயிறு தனி, மேனேஜர் மீட்டிங் உள்ள நாள் தனி என்று வரைபடத்தோடு கொண்டுபோனான். சராசரி 152-க்கு 98. ஆஸ்பத்திரி டென்ஷன் என்ற வாதம் அவனுடைய ஷீட்டிலேயே அடிபட்டுப் போயிற்று. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஊறுகாய், அப்பளம் குறைந்தது. சாயங்காலம் நடக்கிறான்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் நானும் போனேன். எக்ஸல் பெருமையோடு லேப்டாப்பைத் திறந்தான். சராசரி 131-க்கு 84. கலர் கலராகக் கோடுகள் கீழே இறங்கியிருந்தன. டாக்டர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்தில் 'மாத்திரை' என்று ஒரு காலம், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டிக். அதில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இந்த நாலு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் காலியா இருக்கு?"

எக்ஸல் என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை லேட்டா எழுந்திருப்பேன் டாக்டர். அப்படியே... லேசா... மறந்துபோச்சு."

"லேசான்னா எத்தனை?" என்றார் டாக்டர்.